இரண்டாவது பெயர்: ஜனாதிபதி வேட்பாளர் தனது துணையை எப்படித் தெரிவு செய்கிறார்?

2020 ஓகஸ்டில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில் கமலா ஹரிஸ் தனது குடும்பத்தைப் பற்றிப் பேசியபோது, 'சித்தி' என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னார். அந்த ஒரு சொல் உலகெங்கும் உள்ள தமிழ் வீடுகளில் பேசுபொருளானது. பலெர்மோவில் வாழும் எமது குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல. அவரது தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலன் மன்னார்குடிக்கு அருகே உள்ள துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பலரும் அப்போதுதான் அறிந்தோம். ஆனால் அந்த நாட்களில் எமது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு எம்மில் பலரிடம் பதில் இருக்கவில்லை. உப ஜனாதிபதி என்பவர் என்ன செய்வார்? ஏன் ஜனாதிபதி வேட்பாளரே அவரைத் தெரிவு செய்கிறார்? இலங்கையிலும் இத்தாலியிலும் அப்படி ஒருவர் ஏன் இல்லை?

இந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் தரும் முயற்சியே இக்கட்டுரை. எமது உறவுகள் பல நாடுகளில் பரந்து வாழ்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு முறைப்படி வாக்களிக்கிறார், சிங்கப்பூரில் இருக்கும் மாமி இன்னொரு முறைப்படி வாக்களிக்கிறார், ஊரில் இருக்கும் அம்மம்மா வேறொரு முறைப்படி வாக்களிக்கிறார். எந்த முறையானாலும் முதலாமவர் இல்லாமற் போனால் யார் என்ற கேள்விக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது. அந்தப் பதிலை மக்களிடம் முன்கூட்டியே சொல்லும் நாடுகளும் உண்டு, சொல்லாத நாடுகளும் உண்டு.

அமெரிக்க முறை எப்படி உருவானது

அமெரிக்காவில் தொடக்கத்தில் துணை வேட்பாளர் என்று ஒருவர் இருக்கவில்லை. தேர்தலில் இரண்டாவதாக வந்தவரே உப ஜனாதிபதி. இதன் விளைவாக 1796 இல் ஜோன் அடம்ஸ் ஜனாதிபதியானார், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட தோமஸ் ஜெபர்சன் அவருக்கே உப ஜனாதிபதியானார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்த கதைதான். 1800 தேர்தலில் நிலைமை இன்னும் மோசமானது. ஜெபர்சனும் அவரது கட்சியைச் சேர்ந்த ஆரன் பேரும் தலா 73 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 தடவை வாக்கெடுப்பு நடத்திய பின்னரே ஜெபர்சன் தெரிவானார். இந்தக் குழப்பத்துக்குப் பின்னர் 1804 இல் பன்னிரண்டாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஜனாதிபதிக்கும் உப ஜனாதிபதிக்கும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும் என்று அது சொன்னது. அதன் பின்னர் இருவரும் சோடியாக நிற்பது வழக்கமானது.

துணை வேட்பாளரை ஜனாதிபதி வேட்பாளரே தெரிவு செய்வது அதைவிடப் பிந்திய பழக்கம். நீண்ட காலமாக அது கட்சிப் பெரியவர்களின் கையில் இருந்தது. மாநாட்டில் அதிருப்தி அடைந்த அணியைச் சமாதானப்படுத்த இரண்டாவது இடத்தைக் கொடுப்பார்கள். எமது சங்கங்களிலும் கோயில் நிர்வாக சபைகளிலும் உப தலைவர் பதவி யாருக்குப் போகிறது என்று பார்த்தால் இது புரியும். மனத்தாங்கலில் இருப்பவருக்கு ஒரு கதிரை கொடுத்து அமர்த்துவது உலகப் பொது வழக்கம் போலிருக்கிறது. சங்கத்தில் அதனால் பெரிய கேடு வராது. ஒரு நாட்டில் வரும்.

லிங்கன் கேட்டு வாங்கிய வினை

அந்தக் கேட்டைக் காட்டும் மிகப் பெரிய உதாரணம் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் நடந்தது. சிறுபான்மை இனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்ற வகையில் இது எமக்கு முக்கியமானது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1860 இல் லிங்கன் வென்றபோது உப ஜனாதிபதியானவர் ஹனிபல் ஹம்லின், மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்தவர், அடிமை முறையை உறுதியாக எதிர்த்தவர். 1864 இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, லிங்கனின் வெற்றி நிச்சயமாக இருக்கவில்லை. எதிர்க்கட்சியில் போரை ஆதரித்தவர்களின் வாக்குகளையும் சேர்க்க வேண்டியிருந்தது. எனவே ஹம்லின் கைவிடப்பட்டார். அவருடைய இடத்துக்குத் தென்மாநிலமான டெனசியைச் சேர்ந்த அன்ட்ரூ ஜோன்சன் கொண்டுவரப்பட்டார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் ஒன்றியத்தை விட்டுப் பிரிய மறுத்தவர். தேர்தல் கணக்குக்கு அது பொருத்தமான தெரிவாகத் தெரிந்தது. லிங்கன் வென்றார்.

1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். பதவியேற்று ஆறு வாரங்கள் மட்டுமே ஆகியிருந்த ஜோன்சன் ஜனாதிபதியானார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு உரிமைகளும் பாதுகாப்பும் தேவைப்பட்ட அந்தக் காலத்தில், ஜோன்சன் அவற்றுக்குக் குறுக்கே நின்றார். 1866 இல் குடியுரிமைகள் சட்டத்தைத் தனது தடை அதிகாரத்தால் மறுத்தார். காங்கிரஸ் அதை மீறிச் சட்டமாக்க வேண்டியிருந்தது. தென்மாநிலங்களில் பழைய அடிமை முதலாளிகள் மீண்டும் தலையெடுக்க அவரது மன்னிப்புகள் வழி செய்தன. 1868 இல் அவர் மீது குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டது. செனட்டில் ஒரேயொரு வாக்கினால் பதவி தப்பினார்.

ஒரு தேர்தலில் சில மாநிலங்களின் வாக்குகளுக்காகச் செய்த தெரிவு, நாற்பது இலட்சம் மனிதர்களின் விடுதலைக்குப் பிந்திய வாழ்வை மாற்றியது. துணை வேட்பாளரைத் தெரிவு செய்பவர் ஒருவர், அந்தத் தெரிவின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ. ஹம்லின் தொடர்ந்து இருந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் அந்தச் சட்டத்தைத் தடுத்திருக்க மாட்டார் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

இதுவரை ஒன்பது அமெரிக்க உப ஜனாதிபதிகள் பதவிக்காலத்தின் நடுவில் ஜனாதிபதியாகி இருக்கிறார்கள். எட்டுப் பேர் முன்னவர் இறந்ததனால், ஒருவர், ஜெரால்ட் போர்ட், முன்னவர் பதவி விலகியதனால். ஹரி ட்ரூமன் உப ஜனாதிபதியாக இருந்தது 82 நாட்கள் மட்டுமே. 1945 ஏப்ரல் 12 இல் ரூஸ்வெல்ட் இறந்தார். அணுகுண்டுத் திட்டம் பற்றிய முழு விபரமும் ட்ரூமனுக்குச் சொல்லப்பட்டது ஜனாதிபதியான பின்னர்தான். உலகப் போர் ஒன்றின் நடுவில் ஒரு நாடு தனது இரண்டாவது மனிதரை அப்படி வைத்திருந்தது.

வலுவானவர் என்றால் யார்?

பத்திரிகைகள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் சமநிலை. வேட்பாளர் வடக்கு என்றால் துணை தெற்கு. அவர் இளையவர் என்றால் துணை மூத்தவர். 1960 இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கென்னடி, டெக்சாஸ் மாநிலத்தின் லிண்டன் ஜோன்சனைச் சேர்த்துக்கொண்டு டெக்சாசை வென்றார். 2008 இல் அனுபவம் குறைந்தவர் என்று சொல்லப்பட்ட ஒபாமா, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செனட்டில் இருந்த பைடனைத் தெரிவு செய்தார். பிரேசிலில் 2022 இல் லூலா, 2006 இல் தன்னை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்ற ஜெரால்டோ அல்க்மினையே துணையாக்கிக்கொண்டார். 50.9 சதவீத வாக்குகளுடன் மயிரிழையில் வென்ற அந்தத் தேர்தலில், பழைய பகைவரின் பெயர் நடுநிலையாளர்களுக்கு ஒரு நம்பிக்கைக் கடிதம் போல இருந்தது.

கென்னடி - ஜோன்சன் கதை எல்லோருக்கும் பிடித்த கதை. ஆனால் அது விதிவிலக்கு என்றே அரசறிவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். துணை வேட்பாளர் தனது சொந்த மாநிலத்தில் கொண்டுவரும் வாக்குகள் மிகக் குறைவு. மக்கள் முதலாவது பெயரைப் பார்த்தே வாக்களிக்கிறார்கள். 2024 இல் கமலா ஹரிஸ் பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷப்பிரோவை விட்டு மினசோட்டா ஆளுநர் டிம் வோல்சைத் தெரிவு செய்ததே தோல்விக்குக் காரணம் என்று சொல்பவர்கள் எமது வட்டாரத்திலும் உண்டு. பென்சில்வேனியா ஒன்றை மட்டும் வென்றிருந்தாலும் அதன் 19 தேர்வாளர் வாக்குகள் போதுமானவையாக இருந்திருக்கா. ட்ரம்ப் எல்லாப் போட்டி மாநிலங்களையும் வென்றார்.

இனப் பெருமையும் இதே போன்றதுதான். 1984 இல் இத்தாலியக் குடியேறியின் மகளான ஜெரால்டின் பெராரோ, பெரிய கட்சி ஒன்றின் முதலாவது பெண் துணை வேட்பாளரானார். அமெரிக்க இத்தாலியர்கள் பெருமைப்பட்டார்கள். அந்தத் தேர்தலில் அவரது அணி ஐம்பது மாநிலங்களில் ஒன்றையும் தலைநகரையும் தவிர எல்லாவற்றையும் இழந்தது.

ஆகவே துணை வேட்பாளர் வாக்குக் கொண்டுவருவார் என்பதைவிட, வாக்கைக் கெடுக்காமல் இருப்பாரா என்பதே முதலாவது கேள்வி. இதற்காகத்தான் பின்னணி விசாரணை. வரிப் பத்திரங்கள், வங்கிக் கணக்குகள், மருத்துவ அறிக்கைகள், பழைய பேச்சுகள், குடும்ப விவகாரங்கள் என்று சட்டத்தரணிகள் வாரக்கணக்கில் துருவுவார்கள். எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது குலம் கோத்திரம் விசாரித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. 1972 இல் ஜோர்ஜ் மக்கவர்ன் அவசரத்தில் இதைச் சரியாகச் செய்யவில்லை. அவர் தெரிவு செய்த தோமஸ் ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் மின்அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது பின்னரே வெளிவந்தது. பதினெட்டு நாட்களில் ஈகிள்டன் விலகினார். நோய் ஒரு குற்றமல்ல. ஆனால் தனக்கு அடுத்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒருவர் நாட்டை ஆளக் கேட்கிறார் என்ற எண்ணம் மக்கவர்னை விட்டு நீங்கவேயில்லை. 2000 இல் ஜோர்ஜ் புஷ்ஷுக்குத் துணை தேடும் குழுவுக்குத் தலைமை தாங்கிய டிக் செய்னி, தேடி முடிவில் தானே துணை வேட்பாளரானார். பெண் பார்க்கப் போன தரகர் தானே மாப்பிள்ளையான கதை.

எமது பார்வையில் வலுவானவர் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் போதும். நாளை காலையே முதலாமவரின் கதிரையில் அமர வேண்டி வந்தால் அவரால் முடியுமா? தேவைப்பட்டால் முதலாமவருக்கு 'இல்லை' என்று சொல்வாரா? இரண்டாவதற்கு அண்மைய உதாரணம் மைக் பென்ஸ். 2016 இல் அவர் தெரிவானது சமயப் பற்றுள்ள வாக்காளர்களின் நம்பிக்கையைப் பெறுவதற்காக. நான்கு ஆண்டுகள் அவர் ட்ரம்புக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்றே சொல்லலாம். ஆனால் 2021 ஜனவரி 6 இல் தேர்தல் முடிவை ஏற்க வேண்டாம் என்ற அழுத்தத்துக்கு அவர் பணியவில்லை. அவரைத் தெரிவு செய்தபோது எவரும் தேடாத பண்பு அது.

இலங்கை: எழுதப்படாத இரண்டாவது பெயர்

இலங்கையின் 1978 அரசியலமைப்பு நிறைவேற்று ஜனாதிபதியை உருவாக்கியது, உப ஜனாதிபதியை உருவாக்கவில்லை. ஜனாதிபதிப் பதவி வெற்றிடமானால் பிரதமர் பதில் ஜனாதிபதியாவார். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் தனது உறுப்பினர்களில் ஒருவரை எஞ்சிய காலத்துக்குத் தெரிவு செய்ய வேண்டும். வாக்குச்சீட்டில் முதலாம், இரண்டாம், மூன்றாம் விருப்புகளைக் குறிக்கலாம். ஆனால் அவை வேறு வேட்பாளர்களுக்கு உரியவை. வேட்பாளர் இறந்தால் அல்லது ஓடினால் யார் வருவார் என்று வாக்காளர் தீர்மானிக்க இடமில்லை.

1993 மே 1 இல் பிரேமதாச கொழும்பில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். பிரதமர் டி. பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதியாகி, சில நாட்களில் நாடாளுமன்றத்தால் தெரிவானார். அவரை ஜனாதிபதியாக்க எவரும் வாக்களித்திருக்கவில்லை. மறு ஆண்டு 1994 ஒக்டோபரில், ஐக்கிய தேசியக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க தேர்தலுக்குச் சுமார் இரண்டு வாரங்களே இருந்த நிலையில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். கட்சி அவரது மனைவி சிறிமாவை வேட்பாளராக்கியது. சந்திரிகா 62 சதவீத வாக்குகளுடன் வென்றார். இரண்டாவது பெயர் முன்பே இல்லாதபோது கட்சிகள் குடும்பத்தைத்தான் தேடுகின்றன.

சட்டத்தில் துணை வேட்பாளர் இல்லாவிட்டாலும் நடைமுறையில் பிரதமர் பதவி அந்த வேலையைச் செய்திருக்கிறது. 2014 நவம்பரில் மகிந்தவின் அரசை விட்டு வெளியேறிய மைத்திரிபால சிறிசேன, தான் வென்றால் ரணில் விக்கிரமசிங்க பிரதமர் என்று அறிவித்தே போட்டியிட்டார். அது உண்மையில் ஒரு சோடி வேட்புமனுதான். யாழ்ப்பாண மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு அண்மித்த அளவு மைத்திரிக்குக் கிடைத்தது. வாக்களித்த எமது உறவினர்கள் இரண்டு பெயர்களையும் அறிந்தே வாக்களித்தார்கள். ஆனால் அந்தச் சோடிக்குச் சட்டப் பிணைப்பு எதுவும் இருக்கவில்லை. 2018 ஒக்டோபர் 26 இல் மைத்திரி ரணிலை நீக்கி, தான் தோற்கடித்த மகிந்தவையே பிரதமராக்கினார். உயர் நீதிமன்றம் நாடாளுமன்றக் கலைப்பைச் செல்லாதென்று தீர்த்து, டிசெம்பர் நடுப்பகுதியில் ரணில் திரும்பி வரும்வரை நாட்டில் யார் பிரதமர் என்பதே தெரியாமல் இருந்தது. தமிழர் எதிர்பார்த்த புதிய அரசியலமைப்பு முயற்சியும் அந்த இழுபறிக்குப் பின்னர் எழவேயில்லை.

2019 இல் கோத்தாபய வென்றதும் அண்ணன் மகிந்த பிரதமரானார். இருவரும் ஒரே வீட்டவர் என்றால் ஒருவரையொருவர் தடுப்பவர் இல்லை. 2022 மே 9 இல் மகிந்த விலகினார், யூலையில் கோத்தாபய நாட்டை விட்டு வெளியேறி விலகினார். யூலை 20 இல் நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலை ஜனாதிபதியாக்கியது. 2020 பொதுத் தேர்தலில் அவரது கட்சிக்குக் கிடைத்தது தேசியப் பட்டியலில் ஒரேயொரு ஆசனம், அவரே தனது மாவட்டத்தில் தோற்றிருந்தார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் மக்கள் 2019 இல் வாக்களித்தபோது இப்படி ஒரு முடிவு இருக்கலாம் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

இந்தத் தேர்தல்கள் எவற்றிலும் வெளிநாட்டில் வாழும் எமக்கு இங்கிருந்து வாக்களிக்கும் வசதி இருக்கவில்லை, 2024 இலும் இல்லை. அந்த 2024 தேர்தலில் வடக்கு கிழக்கில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகளைப் பெற்றார். வெல்ல முடியாது என்று தெரிந்தே நின்ற வேட்பாளர் அவர். அப்போது இன்னொரு யோசனையும் தேநீர்க் கடைப் பேச்சாக இருந்தது: பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளருக்குத் துணையாக ஒரு தமிழர் நின்றால் என்ன? இந்த யோசனையை ஆராய வேறு நாடுகளின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

இனத்துக்கு ஒதுக்கிய இரண்டாம் இடம்

1960 இல் விடுதலை பெற்ற சைப்பிரசின் அரசியலமைப்பு, கிரேக்கர் ஜனாதிபதியாகவும் துருக்கியர் உப ஜனாதிபதியாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. இருவரையும் அவரவர் சமூகமே தனியாகத் தெரிவு செய்யும். மக்காரியோஸ் ஜனாதிபதி, பாசில் குச்சுக் உப ஜனாதிபதி. வெளிநாட்டு விவகாரம், பாதுகாப்பு ஆகியவற்றில் குச்சுக்குக்குத் தடை அதிகாரம் இருந்தது. தாளில் பார்த்தால் சிறுபான்மைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஜனாதிபதி இல்லாதபோது அவருடைய இடத்தில் அமர்பவர் உப ஜனாதிபதி அல்ல, கிரேக்கரான சபாநாயகர். இரண்டாமவர் ஒருபோதும் முதலாமவராக முடியாது. 1963 டிசெம்பரில் வன்முறை வெடித்தபோது அந்தக் கூட்டு முறிந்தது. குச்சுக்கின் பதவி பெயரளவில் மட்டுமே மிஞ்சியது.

சூடானில் நடந்தது வேறு. 2005 ஜனவரியில் நைரோபியில் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி, சூடான் மக்கள் விடுதலை இயக்கத்தின் தலைவர் ஜோன் கராங் யூலை 9 இல் நாட்டின் முதலாவது உப ஜனாதிபதியானார். கார்ட்டூமில் அவரைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. மூன்று வாரங்களில், யூலை 30 இல், உலங்குவானூர்தி விபத்தில் இறந்தார். இங்கேதான் வேறுபாடு. அந்தப் பதவி கராங்குக்கு உரியதல்ல, உடன்படிக்கைக்கு உரியது. அவரது இயக்கத்தின் சல்வா கீர் அதே இடத்துக்கு வந்தார். உடன்படிக்கையில் சொன்ன பொதுவாக்கெடுப்பு 2011 ஜனவரியில் நடந்தது. தென்சூடானின் அதன் பிந்திய துயரம் எல்லோருக்கும் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டாவது கதிரையில் அமர்ந்தவர் போன பின்னரும் அந்தக் கதிரை நிலைத்தது. பெரிய வேட்பாளர் ஒருவரின் விருப்பத்தால் மட்டும் கிடைக்கும் இரண்டாம் இடம், 2018 ஒக்டோபர் போன்ற ஓர் இரவில் பறிபோகக் கூடியது. தேநீர்க் கடை யோசனைக்கு எமது பதில் அதுவே.

இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் அங்கே ஜனாதிபதியிடம் நேரடி ஆட்சி அதிகாரம் இல்லை. இந்தியாவில் குடியரசுத் துணைத்தலைவரை இரு சபைகளின் உறுப்பினர்களும் தனியாகத் தெரிவு செய்கிறார்கள். 2025 செப்டெம்பரில் திருப்பூரைச் சேர்ந்த சி. பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகளுடன் அப்படித்தான் தெரிவானார். சிங்கப்பூரில் துணை ஜனாதிபதி என்று எவரும் இல்லை. 2017 செப்டெம்பரில் ஒரு ஜனாதிபதியின் காலம் முடிந்து அடுத்தவர் வரும்வரையான நாட்களில், ஆலோசனை சபைத் தலைவர் ஜே. வை. பிள்ளை பதில் ஜனாதிபதியாக இருந்தார். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனார்.

நாம் வாழும் ஊரில்

இத்தாலியக் குடியரசின் ஜனாதிபதி எமது ஊர்க்காரர். செர்ஜியோ மத்தரெல்லா 1941 இல் பலெர்மோவில் பிறந்தவர். அவரது அண்ணன் பியர்சாந்தி சிசிலி மாகாண ஆட்சித் தலைவராக இருந்தபோது 1980 ஜனவரி 6 இல் இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தாலிய ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. இரு சபைகளின் உறுப்பினர்களும் மாகாணப் பிரதிநிதிகளும் கூடி இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்கிறார்கள். மத்தரெல்லா 2015 இல் 665 வாக்குகளும், 2022 இல் எட்டாவது சுற்றில் 759 வாக்குகளும் பெற்றார். துணை வேட்பாளர் இல்லை. அரசியலமைப்பின் 86 ஆவது பிரிவின்படி ஜனாதிபதியால் இயலாதபோது செனட் தலைவர் பொறுப்பேற்பார்.

1964 ஓகஸ்டில் அந்தோனியோ செக்னி பக்கவாதத்தால் விழுந்தபோது செனட் தலைவர் மெர்சகோரா மாதக்கணக்கில் அந்தப் பொறுப்பை வகித்தார். 2015 ஜனவரி 14 இல் ஜோர்ஜியோ நபோலித்தானோ விலகியபோது பொறுப்பேற்ற செனட் தலைவர் பியெத்ரோ கிராசோ, சிசிலியின் லிகாத்தாவில் பிறந்தவர், பலெர்மோவின் மாபெரும் மாபியா வழக்கில் நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்தவர், பின்னர் இந்நகரின் தலைமை வழக்குத் தொடுநர். மூன்று வாரங்களின் பின் அவர் பொறுப்பைக் கையளித்தது, மாபியாவிடம் அண்ணனைப் பறிகொடுத்த மத்தரெல்லாவிடம். தேர்தல் கணக்குக்காக எவரும் அந்த இருவரையும் சோடி சேர்க்கவில்லை.

எமக்கு இன்னும் நெருக்கமானது நகர மேயர் தேர்தல். மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் சட்டத்தைச் சிசிலி 1992 இலேயே கொண்டுவந்தது, இத்தாலியின் ஏனைய பகுதிகளுக்கு ஓராண்டு முன்னதாக. அச்சட்டத்தில் எமக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. மேயர் வேட்பாளர் தனது வேட்புமனுவுடனேயே, தான் வென்றால் நிர்வாகக் குழுவில் அமரப்போகும் அசெசோரேகளில் ஒரு பகுதியினரின் பெயர்களையும் தர வேண்டும். உப மேயர் அந்தக் குழுவிலிருந்தே வருவார். அதாவது இரண்டாவது, மூன்றாவது பெயர்களை வாக்காளர் முன்பே பார்க்கலாம்.

2022 இல் என்ன நடந்தது என்று பாருங்கள். வலதுசாரிக் கட்சிகள் ஆளுக்கொரு மேயர் வேட்பாளரை அறிவித்திருந்தன. பிரத்தெல்லி தித்தாலியா கட்சி கரோலினா வார்க்கியை நிறுத்தியது, போர்சா இத்தாலியா பிரான்செஸ்கோ காஷியோவை நிறுத்தியது. பேச்சுவார்த்தைகளின் பின் இருவரும் விலகி, பலெர்மோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ரொபேர்த்தோ லகல்லாவை ஆதரித்தார்கள். சிசிலியில் முதற் சுற்றிலேயே வெல்ல 40 சதவீதம் போதும். யூன் 12 இல் லகல்லா 47 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றார். வார்க்கி உப மேயரானார். 1864 இல் அமெரிக்காவில் நடந்த அதே பேரம், சிறிய அளவில், எமது வாசலில். உப மேயர் ஒருவரால் வீட்டு வசதி, பாடசாலை உணவு, சந்தை அனுமதி போன்ற விடயங்களில் எமது அன்றாட வாழ்வைத் தொட முடியும். அவர் யார் என்று தெரியாமல் முதலாவது பெயரை மட்டும் பார்த்து நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

இத்தாலியக் குடியுரிமை இல்லாத எம்மவருக்கு இந்த வாக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்கள் மட்டும் குடியுரிமை இல்லாமலும் நகரத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஏனையோருக்காகப் பலெர்மோ மாநகரசபை 2013 இல் பண்பாடுகளின் ஆலோசனை சபையை உருவாக்கியது. நகரில் வாழும் வெளிநாட்டவர்களே வாக்களித்து அதன் 21 உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். அதன் முதலாவது தலைவர் அதாம் தரவ்ஷா பாலஸ்தீன மருத்துவர். பின்னர் 2019 இல் மேயர் ஒர்லாண்டோ அவரைத் தனது நிர்வாகக் குழுவில் பண்பாட்டுக்குப் பொறுப்பான அசெசோரேயாக அமர்த்தினார். ஆலோசனை மட்டும் சொல்லக்கூடிய சபை என்று எம்மில் சிலர் அதை அலட்சியம் செய்வதுண்டு. அங்கிருந்து ஒருவர் நகர ஆட்சிக் குழுவுக்குள் போய் அமர்ந்தார் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

லகல்லாவின் ஐந்தாண்டுக் காலத்தின்படி அடுத்த மேயர் தேர்தல் 2027 இல் வர வேண்டும். பத்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்த பின்னரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதியை ஐந்தாகக் குறைப்பதற்காக 2025 யூன் 8, 9 ஆம் திகதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பு, தேவையான 50 சதவீத வாக்களிப்பு இல்லாமல் செல்லுபடியாகாமற் போனது. ஆகவே பழைய விதியே தொடர்கிறது. ஆனால் இங்கேயே பிறந்து, இடைவெளியின்றிச் சட்டப்படி இங்கேயே வளர்ந்த எமது பிள்ளைகளுக்குத் தனி வழி உண்டு. 18 வயதானதும், 19 ஆவது பிறந்தநாள் வருவதற்கு முன்னர், மாநகரசபையின் குடியியல் பதிவு அலுவலகத்தில் தாம் இத்தாலியராக விரும்புவதாக அறிவிக்க வேண்டும். அந்த ஓராண்டு தவறினால் இந்த எளிய வழி பொதுவாகக் கைநழுவிப் போகும். பிறப்புச் சான்றிதழ், தொடர்ச்சியான வதிவிடப் பதிவு ஆகியவற்றை இப்போதே எடுத்து ஒரு கோப்பில் வைத்திருங்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இங்கே பிறந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது உடனடி வேலை.